வானத்தைக் கணக்கிட்ட வில்பர் ரைட்



ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்தவர் யாவர் என்று வினவினால், ரைட் சகோதரர்கள் என்று சிறு வகுப்பு மாணவரும் தயங்காமல் விடை கூறுவர். ஆயின், அவர்கள் எதனால் வெற்றி பெற்றனர் என்று வினவினால் பெரியோரும் சற்றே தயங்குவர். அவர்கள் காலத்தில் அவர்களினும் செல்வம் மிக்கோர் இருந்தனர். அவர்களினும் கல்வி மிக்கோர் இருந்தனர். அவர்களுடையதைக் காட்டிலும் நான்கு மடங்கு வலிமை கொண்ட இயந்திரத்தை வைத்திருந்தோரும் இருந்தனர். எனினும் வானம் அவ்விரு சைக்கிள் கடைக்காரர்களுக்கே முதலில் வழிவிட்டது. அதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், அவ்விருவருள் மூத்தவரான வில்பர் ரைட்டின் வாழ்க்கையை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில், மில்வில் என்னும் சிற்றூருக்கு அருகில், 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் வில்பர் பிறந்தார். தந்தை மில்டன் ரைட் ஒரு கிறிஸ்தவ சபையின் பேராயர். தாயார் சூசன். இவருடைய தம்பி ஓர்வில் 1871ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில் பிறந்தார். இவர்களுக்கு மூத்தவராக இரண்டு அண்ணன்மாரும், இளையவராகக் கேத்தரின் என்னும் தங்கையும் இருந்தனர்.

அவ்வீட்டில் செல்வம் மிகுதியாக இல்லை. ஆனால் நூல்கள் மிகுதியாக இருந்தன. தந்தையார் பிள்ளைகள் எதனைக் கேட்டாலும் ஆராய்ந்து அறியத் தூண்டுவார். தாயாரோ வண்டி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகள். சுத்தியலும் உளியும் அவர் கைக்குப் பழகியவை. பிள்ளைகளுக்கு வேண்டிய விளையாட்டுப் பொருள்களைத் தம் கையாலேயே செய்து கொடுப்பார். உடைந்த பொருளைத் தூக்கி எறியாமல் பழுது பார்க்கும் பழக்கத்தை அச்சகோதரர்கள் தாயிடமே கற்றனர்.

1878ஆம் ஆண்டில் ஒரு நாள், வெளியூர் சென்று திரும்பிய தந்தையார் தம் கைகளுக்குள் எதனையோ மறைத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் அது யாதெனக் காணுமுன் அதனை மேலே எறிந்தார். அது கீழே விழவில்லை. சிறகடிக்கும் பறவைபோல் கூரை வரை எழுந்து, அங்குச் சற்று நேரம் சுழன்று, பின்னர் மெல்ல இறங்கிற்று. பிரான்சு நாட்டு அறிஞர் அல்போன்ஸ் பெனோ என்பார் அமைத்த முறையில் மூங்கில், தக்கை, தாள் ஆகியவற்றால் செய்யப்பட்ட விளையாட்டுப் பொருள் அது. முறுக்கிய ரப்பர் வளையமே அதன் இயந்திரம். அதனால் சுழலும் சிறு விசிறிகளே அதனைத் தூக்கிச் செல்லும் சிறகுகள்.

அப்பொழுது வில்பருக்கு வயது பதினொன்று. ஓர்விலுக்கு வயது ஏழு. அந்தப் பொம்மை உடையும் வரை விளையாடிய சிறுவர், பின்னர்த் தாமே அதனைப்போல் ஒன்று செய்தனர், அது பறந்தது. சற்றுப் பெரிதாக இன்னொன்று செய்தனர். அது சிறிதளவே பறந்தது. மேலும் பெரிதாக ஒன்று செய்தனர்; அது பறக்கவே மறுத்தது. பெரிதாகச் செய்தால் நன்றாகப் பறக்கவேண்டும் அல்லவா? ஏன் பறக்கவில்லை? அச்சிறுவர்களுக்குக் காரணம் விளங்கவில்லை. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகிவிடும். அதனைத் தூக்கும் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். ஆகவே, அதனைப் பறக்க வைக்க முன்னிலும் பன்மடங்கு சக்தி வேண்டும். பிள்ளைப் பருவத்தில் விளங்காத இவ்வுண்மையைப் பின்னாளில் அவர்கள் நன்கு உணர்ந்தனர். விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்று நம் முன்னோர் கூறிய பழமொழி விமானத்துக்கும் பொருந்தும்.

துன்பம் தந்த கல்வி

வில்பர் பள்ளியில் சிறந்த மாணவர், விளையாட்டிலும் வல்லவர். யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பயில வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு இருந்தது. அவருக்குப் பதினெட்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, பனிக்கட்டியின் மேல் ஹாக்கி ஆடுகையில் ஒருவருடைய மட்டை அவர் முகத்தில் பலமாகத் தாக்கிற்று. முன்பற்கள் சிதைந்தன. அதனைத் தொடர்ந்து உடல் நலமும் குன்றியது. நெஞ்சுத் துடிப்பும் சீர்கெட்டதாக அஞ்சினர். பல்கலைக்கழகக் கனவு அத்துடன் முடிந்தது.

அக்காலத்தில் அவருடைய தாயார் காசநோயால் வாடிக்கொண்டிருந்தார். வில்பர் ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் வீட்டிலேயே தங்கி, தாய்க்குப் பணிவிடை செய்தார். மாடியிலிருந்து அன்னையைத் தூக்கிவந்து அமர்த்துவதும், மீண்டும் தூக்கிச் செல்வதும் அவருடைய கடமைகளாயின. எஞ்சிய நேரத்தில் தந்தையாரின் நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றார். 1889ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் தாயார் காலமானார். கல்லூரிப் பட்டம் பெறாத வில்பர், அந்த மூன்றாண்டுகளில் பொறுமையையும், ஆழ்ந்து படிக்கும் பழக்கத்தையும் பெற்றார். அவை எந்தப் பட்டத்துக்கும் குறைந்தவையல்ல என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கை காட்டுகிறது.

அதன்பின் சகோதரர் இருவரும் ஓர் அச்சகம் நடத்தினர். 1892ஆம் ஆண்டில் சைக்கிள் கடை ஒன்றைத் தொடங்கினர். முதலில் சைக்கிள்களை விற்றும் பழுது பார்த்தும் வந்தனர். 1896ஆம் ஆண்டு முதல் தாமே சைக்கிள் செய்யவும் தொடங்கினர். சங்கிலி, பல்சக்கரம், கம்பி ஆகியவற்றோடு நாள்தோறும் பழகிய இத்தொழில் பின்னர் எவ்வாறு கைகொடுத்தது என்பதை நாம் காண்போம்.

பறக்கும் ஆசை

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மானிய நாட்டிலிருந்து ஒரு துயரச் செய்தி வந்தது. இறக்கைகளைக் கட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து ஏறத்தாழ 2,000 முறை மிதந்து இறங்கிய ஓட்டோ லிலியந்தால் என்னும் பெரியார், காற்றில் நிலைகுலைந்து வீழ்ந்து உயிர் துறந்தார். இச்செய்தி வில்பரின் உள்ளத்தில் உறங்கிக் கிடந்த பழைய ஆசையை எழுப்பியது. 1899ஆம் ஆண்டு மே மாதத்தில், பறத்தல் பற்றிய நூல்களை அனுப்பி உதவுமாறு வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அவர் மடல் எழுதினார். வந்த நூல்களையெல்லாம் இருவரும் கற்றனர்.

1900ஆம் ஆண்டு முதல் கிட்டி ஹாக் என்னும் கடற்கரைச் சிற்றூருக்கு அவர்கள் சென்றுவரத் தொடங்கினர். அங்கே ஓயாத காற்றும், விழுந்தால் வலிக்காத மணலும் இருந்தன. இயந்திரம் இல்லாமல் காற்றில் மிதக்கும் கிளைடர் ஒன்றைச் செய்து ஆய்ந்தனர். 1901ஆம் ஆண்டில் செய்த பெரிய கிளைடரோ எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு தூக்குவிசையே தந்தது. மனம் சோர்ந்து ஊர் திரும்பிய வில்பர், தம் வாழ்நாளில் மனிதன் பறக்கப் போவதில்லை என்று எண்ணினார்.

ஆயினும் சோர்வு நெடுநாள் நீடிக்கவில்லை. பிழை தம்முடையதா, தாம் நம்பிய நூல்களில் இருந்த எண்களுடையதா என்று ஆராயத் துணிந்தார். ஆறடி நீளமுள்ள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதன் ஒரு முனையில் விசிறி வைத்துக் காற்றைச் செலுத்தினர். இதுவே அவர்களுடைய காற்றுச் சுரங்கம். அதனுள் வைக்கும் நுண்ணிய தராசுகளைப் பழைய இரும்பறுக்கும் வாள்களையும் சைக்கிள் கம்பிகளையும் கொண்டே செய்தனர். ஏறத்தாழ 200 வகைச் சிற்றிறக்கைகளை அதில் வைத்து ஒவ்வொன்றாக அளந்தனர். பல ஆண்டுகளாகப் பலரும் நம்பிவந்த எண் ஒன்று பிழையானது என்பது தெளிவாயிற்று. தாம் அளந்த எண்களைக் கொண்டு 1902ஆம் ஆண்டில் செய்த கிளைடர், நூற்றுக்கணக்கான முறை அழகுற மிதந்தது.

இனி வேண்டியவை இரண்டே: ஓர் இயந்திரம், அவ்வியந்திரத்தின் ஆற்றலைக் காற்றில் செலுத்தும் ஒரு சுழல்விசிறி. புரொப்பெல்லர் என்று வழங்கப்படுவது அதுவே.

இயந்திரத்தைத் தேடுதல்

பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்தால் விமானம் பறந்துவிடும் என்று பிறர் எண்ணினர். வில்பரும் ஓர்விலும் அவ்வாறு எண்ணவில்லை. முதலில் தாளையும் எழுதுகோலையும் எடுத்தனர். விமானமும் அதில் படுத்து ஓட்டுபவரும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கும்? அந்த எடையைத் தாங்க எவ்வளவு விரைவு வேண்டும்? அவ்விரைவில் எதிர்க்காற்று எவ்வளவு தடுக்கும்? அத்தடையை வெல்ல எவ்வளவு உந்துவிசை வேண்டும்? இவ்வாறு ஒரு கணக்கின் விடையை அடுத்த கணக்கின் தொடக்கமாகக் கொண்டு சென்று, எட்டுக் குதிரைச் சக்தியுள்ள ஓர் இயந்திரம் போதும் என்று கண்டனர். ஆனால் அது 180 பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 82 கிலோகிராம் எடையைத் தாண்டக் கூடாது.

இயந்திரம் செய்யும் நிறுவனங்கள் பலவற்றுக்கு மடல் எழுதினர். இவ்வளவு எடை குறைந்த இயந்திரத்தைச் செய்து தர எவரும் முன்வரவில்லை. ஆகவே தாமே செய்வதென முடிவு செய்தனர். அவர்களுடைய கடையில் சார்லி டெய்லர் என்னும் தொழிலாளி ஒருவர் இருந்தார். விமான இயந்திரத்தைப் பற்றி அவர் முன்பின் அறிந்தவரல்லர். எனினும், தாளில் வரைந்த எளிய படங்களைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு, கடைசல் இயந்திரம், துளையிடும் கருவி முதலிய சில கருவிகளின் துணையுடன் ஆறே வாரத்தில் அதனைச் செய்து முடித்தார். எடையைக் குறைக்க அதன் உடற்பகுதி அலுமினியத்தால் வார்க்கப்பட்டது.

1903ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதனை இயக்கிப் பார்த்தபோது, தாங்கிகள் இறுகி உடற்பகுதி உடைந்தது. மீண்டும் வார்த்தனர், மீண்டும் பொருத்தினர். இறுதியில் அது பன்னிரண்டு குதிரைச் சக்தியைத் தந்தது. தேவைக்கு மேல் கிடைத்த நான்கு குதிரைச் சக்தியைக் கண்டு அவர்கள் மகிழ்ந்தனர். விமானத்தின் சட்டங்களை இன்னும் சற்று வலிமையாகச் செய்ய அது இடம் தந்தது.

சுழல்விசிறி என்னும் புதிர்

இயந்திரத்தைவிடச் சுழல்விசிறியே அவர்களுக்குப் பெருந்தொல்லை தந்தது. கப்பல்களில் நீரைத் தள்ளும் விசிறி நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதன் விதிகளை நூல்நிலையத்தில் எடுத்துப் படித்து, நீருக்குப் பதிலாகக் காற்றை வைத்துக் கணக்கிட்டுவிடலாம் என்று வில்பர் நம்பிச் சென்றார். அங்கே அவருக்கு ஏமாற்றமே காத்திருந்தது. கப்பல் விசிறிகளை அமைத்தோர் விதி எதனையும் கண்டவரல்லர். ஒன்றைச் செய்து பார்ப்பது, சரிவராவிட்டால் மாற்றுவது என்னும் முறையிலேயே செய்து வந்தனர். கப்பல் விசிறி சற்றுத் தவறாக அமைந்தாலும் கப்பல் மெதுவாகவேனும் செல்லும். விமானத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சகோதரர்கள் சிந்தித்தனர். இறக்கை என்பது காற்றினூடே நேராகச் செல்லும்போது மேல் நோக்கித் தூக்குவிசையைத் தருகிறது. அதே இறக்கையை நிமிர்த்திச் சுற்றச் செய்தால் அவ்விசை முன்னோக்கி அமையும் அல்லவா? ஆகவே, சுழல்விசிறி என்பது திருகுபோல் வளைந்த பாதையில் செல்லும் ஓர் இறக்கையே என்னும் பேருண்மையைக் கண்டனர். இறக்கைகளுக்காகக் காற்றுச் சுரங்கத்தில் தாம் அளந்த எண்களையே விசிறிக்கும் பயன்படுத்தலாம் என்பது புலனாயிற்று.

எண்ணம் எளிது, கணக்கோ கடினம். விசிறி சுழல்கிறது, அதே வேளையில் விமானம் முன்செல்கிறது, சுற்றியுள்ள காற்றும் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. எதுவும் நிலையாக நிற்பதில்லை. விசிறியின் நடுப்பகுதி மெதுவாகச் சுற்ற, அதன் நுனி மிக விரைவாகச் சுற்றுகிறது. ஆதலால் ஒவ்வோர் இடத்திலும் அதன் சாய்வு வேறுபட வேண்டும். மாலை நேரங்களில் இருவரும் உரத்த குரலில் வாதிடுவர். நெடுநேரம் வாதிட்டபின், அண்ணன் தம்பியின் கருத்தை ஏற்றுக்கொண்டிருப்பார். தம்பியோ அண்ணனின் கருத்தை ஏற்றுக்கொண்டிருப்பார். வாதம் மட்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்கும்! வாதிட்டது வெல்வதற்காக அன்று, உண்மையைக் காண்பதற்காக. அதனால்தான் அவர்களுடைய அன்பு சிறிதும் குன்றவில்லை. இக்கணக்குகளால் ஐந்து குறிப்பேடுகள் நிறைந்தன.

முடிவில் எட்டரை அடி, அஃதாவது ஏறத்தாழ 2.6 மீட்டர் நீளமுள்ள இரண்டு விசிறிகளை அமைத்தனர். மூன்று மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கைக்கோடரியாலும் இழைக்கும் கத்தியாலும் செதுக்கினர். சிறிய விசிறி ஒன்றை மிக விரைவாகச் சுழற்றுவதைவிட, பெரிய விசிறிகளை மெதுவாகச் சுழற்றி மிகுதியான காற்றை மென்மையாகத் தள்ளுவதே ஆற்றலை வீணாக்காத வழி என்று கண்டனர். இயந்திரமோ ஒரு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. விசிறி ஏறத்தாழ 350 சுற்றே சுற்ற வேண்டும். இவ்விரண்டையும் இணைப்பது எவ்வாறு? இங்கேதான் சைக்கிள் தொழில் கைகொடுத்தது. இயந்திரத்தில் 8 பற்களுள்ள சிறு சக்கரத்தையும், விசிறியில் 23 பற்களுள்ள பெரிய சக்கரத்தையும் வைத்துச் சங்கிலியால் இணைத்தனர். ஒரு சங்கிலியை எட்டு என்னும் எண்ணின் வடிவில் குறுக்காக மாட்டி, இரு விசிறிகளும் எதிரெதிராகச் சுழலச் செய்தனர். ஒன்று விமானத்தை ஒருபுறம் முறுக்க முயன்றால், மற்றது அதனைச் சரிசெய்துவிடும்.

அவ்விசிறிகளைப் போலவே செய்யப்பட்ட படிகளை நம் காலத்துப் பொறியாளர் சோதித்தபோது, இயந்திரம் தந்த ஆற்றலில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குக்கு மேல் உந்துவிசைக்குப் பயன்பட்டதைக் கண்டு வியந்தனர். கல்லூரி வாயிலை மிதியாத இருவர், கையால் செதுக்கிய மரத்தில் பெற்ற வெற்றி இது.

சோதனையும் வெற்றியும்

1903ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் விமானத்தைக் கிட்டி ஹாக்கை அடுத்த மணற்குன்றுப் பகுதிக்குக் கொண்டு சென்றனர். அங்கே தொல்லைகள் வரிசையாக வந்தன. விமானத்தின் எடை முதலில் எண்ணிய 285 கிலோகிராமிலிருந்து 320 கிலோகிராமையும் தாண்டிவிட்டது. இனி ஏறத்தாழ 45 கிலோகிராம் உந்துவிசையேனும் வேண்டும். கிடைக்குமா? இயந்திரத்தை இயக்கியபோது விசிறிகளின் தண்டுகள் முறுக்கிச் சேதமுற்றன. அவற்றைப் பழுது பார்க்க டேட்டனுக்கு அனுப்பினர். அவை திரும்பி வந்தபின் பல்சக்கரங்கள் கழன்றன. சைக்கிள் டயர் ஒட்டும் பசையை இட்டு அவற்றை இறுக்கினர். அதன்பின் விசிறிகளின் இழுவையை அளந்தபோது 60 கிலோகிராம் அளவுக்கு உந்துவிசை இருந்தது. கணக்கு பொய்க்கவில்லை! வில்பரின் கவலை நீங்கிற்று.

ஆயினும் தண்டு ஒன்றில் மீண்டும் வெடிப்பு கண்டது. இம்முறை ஓர்விலே ஊருக்குச் சென்று, உறுதியான எஃகினால் புதிய தண்டுகளைச் செய்து கொண்டுவந்தார்.

அதே காலத்தில் சாமுவேல் லாங்லி என்னும் பேரறிஞரும் விமானம் ஒன்றைப் பறக்கவிட முயன்றார். அரசாங்கத்தின் போர்த்துறை அவருக்கு 50,000 டாலர் அளித்திருந்தது. அவருடைய இயந்திரம் 52 குதிரைச் சக்தி கொண்டது. அவர் 1896ஆம் ஆண்டில் செய்த சிறிய மாதிரி விமானம் நன்றாகவே பறந்தது. அதனையே பெரிதாக்கி மனிதன் ஏறும் விமானமாகச் செய்தார். 1903ஆம் ஆண்டு அக்டோபரிலும் டிசம்பர் 8ஆம் நாளிலும் அது ஆற்றுக்குள் வீழ்ந்தது. சிறுவயதில் பொம்மையைப் பெரிதாக்கிய வில்பருக்கும் ஓர்விலுக்கும் நேர்ந்ததே அப்பேரறிஞருக்கும் நேர்ந்தது. அவரை நாம் இகழ்தல் ஆகாது. அவருடைய முயற்சியும் பெரிதே. ஆனால் பேராற்றல் மட்டும் போதாது, ஒவ்வோர் உறுப்பும் மற்றோர் உறுப்போடு பொருந்த வேண்டும் என்னும் பாடத்தை அந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது. ரைட் சகோதரர்கள் செலவிட்டதோ ஆயிரம் டாலருக்கும் குறைவு. அதுவும் தம் உழைப்பால் ஈட்டிய பணம்.

டிசம்பர் 14ஆம் நாள், முதலில் ஏறுபவர் யார் என்பதை முடிவு செய்ய நாணயத்தைச் சுண்டினர். வில்பர் வென்றார். ஆனால் விமானத்தை மிகுதியாக மேல்நோக்கித் திருப்பிவிட்டதால், மூன்றரை நொடியில் அது தரையிறங்கிச் சேதமுற்றது. டிசம்பர் 17ஆம் நாள், மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட குளிர்காற்றில், ஓர்வில் ஏறினார். ஐவர் சாட்சியாக நின்றனர். பன்னிரண்டு நொடி, 37 மீட்டர். மனிதன் இயந்திர விமானத்தில் எழுந்து, அதனைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துப் பறந்துவிட்டான். அன்று நான்காம் முறையாக வில்பர் ஏறியபோது 59 நொடி, 260 மீட்டர் பறந்தார். தம்பி பெற்ற முதன்மையைக் கண்டு அண்ணன் பொறாமை கொண்டதாக எவரும் கூறியதில்லை.

புகழும் துயரும்

அதன்பின் டேட்டனுக்கு அருகிலுள்ள புல்வெளி ஒன்றில் இருவரும் ஓயாது உழைத்தனர். 1905ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் வில்பர் தொடர்ந்து 39 நிமிடம் பறந்து, ஏறத்தாழ 39 கிலோமீட்டர் தொலைவைக் கடந்தார். எனினும் உலகம் எளிதில் நம்பவில்லை. 1908ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், பிரான்சு நாட்டில் லெமான் நகருக்கு அருகில் அவர் பறந்து காட்டியபோதுதான் ஐயங்கள் அகன்றன. ஏளனம் செய்தோரும் எழுந்து நின்று பாராட்டினர்.

அப்புகழின் நடுவே ஒரு பேரிடி விழுந்தது. 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் அமெரிக்காவில் ஓர்வில் பறந்துகொண்டிருந்தபோது, புதிதாகப் பொருத்தப்பட்டிருந்த சுழல்விசிறி ஒன்று பிளந்து, அருகிலிருந்த கம்பியில் பட்டது. விமானம் தலைகீழாக வீழ்ந்தது. உடன் சென்ற தாமஸ் செல்ஃபிரிட்ஜ் என்னும் இளம் படைத்தலைவர் உயிரிழந்தார். ஓர்வில் கடுமையாகக் காயமுற்றார். பிரான்சில் இச்செய்தியைக் கேட்ட வில்பர், தாம் அருகில் இருந்திருந்தால் இது நேர்ந்திராது என்று எண்ணித் தம்மையே நொந்துகொண்டார். ஒரு சிறு மரத்துண்டில் காணும் வெடிப்பு ஓர் உயிரைக் கொள்ளும் என்பதை அவர் மறக்கவேயில்லை. ஆயினும் கடமையை விடவில்லை. சில நாள்களில் மீண்டும் ஏறி ஒன்றரை மணி நேரம் பறந்தார்.

1909ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரின் சுதந்திரதேவி சிலையைச் சுற்றிப் பறந்தார். நீரில் விழ நேர்ந்தால் மிதப்பதற்காக விமானத்தின் அடியில் ஒரு சிறு படகைக் கட்டிக்கொண்டு சென்றார் என்பது அவருடைய முன்னெச்சரிக்கைக்குச் சான்று. 1910ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் சகோதரர் இருவரும் ஒரே விமானத்தில் சேர்ந்து பறந்தனர். ஒருவருக்கு இடர் நேர்ந்தாலும் மற்றவர் பணியைத் தொடர வேண்டும் என்பதற்காக அதுவரை அவர்கள் சேர்ந்து பறந்ததில்லை. அதே நாளில் எண்பத்தொரு வயதான தந்தையாரும் ஓர்விலுடன் பறந்து மகிழ்ந்தார். அன்றொரு நாள் பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்த கைகள் அவை!

வில்பரின் இறுதி ஆண்டுகள் காப்புரிமை வழக்குகளில் கழிந்தன. உடலும் உள்ளமும் தளர்ந்திருந்த அவரை டைபாய்டு காய்ச்சல் பற்றியது. 1912ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், தமது நாற்பத்தைந்தாம் வயதில், டேட்டனில் அவர் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஓர்வில் 1948ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

நாம் கற்கும் பாடம்

மாணவர்களே! உங்களுள் சிலர் மெல்லிய பலகையாலும் அட்டையாலும் சிறு மாதிரி விமானம் செய்து, அதில் மின்மோட்டார் பொருத்திப் பறக்கவிட விரும்பலாம். கடையில் உள்ளவற்றுள் மிகப் பெரிய மோட்டாரையும் மிக நீண்ட விசிறியையும் வாங்கிவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். வில்பர் சென்ற வழியே செல்லுங்கள். முதலில் மின்கலத்தையும் சேர்த்து விமானத்தை நிறுத்துப் பாருங்கள். எடை குறைய எவ்வளவு இடமுண்டோ அவ்வளவும் குறையுங்கள். மோட்டாருக்கு மிகப் பெரிய விசிறியை மாட்டினால், அது திணறிச் சூடேறும். மின்கலம் விரைவில் வற்றும். மிகச் சிறிய விசிறியை மாட்டினால், இரைச்சல் மிகும், இழுவை குறையும். இரண்டுக்கும் நடுவே பொருத்தமான ஓர் அளவு உண்டு. விசிறியின் நீளத்தைப் போலவே அதன் சாய்வையும் நோக்குங்கள். சாய்வு குறைந்த விசிறி, சைக்கிளில் மேட்டில் ஏறும்போது உதவும் பல்சக்கரத்தைப் போன்றது; சாய்வு மிகுந்த விசிறி, சமதரையில் விரைந்தோட உதவுவதைப் போன்றது. மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு முன்னதும், விரைந்து பறப்பதற்குப் பின்னதும் ஏற்றவை.

விமானத்தைச் சிறு சக்கரப் பலகையில் வைத்து, அதன் வாலைச் சுருள்வில் தராசில் கட்டி, விசிறியைச் சுழலச் செய்தால் எத்தனை கிராம் இழுக்கிறது என்பது தெரியும். ஒவ்வொரு விசிறியாக மாற்றி எண்களைக் குறித்து வையுங்கள். கிட்டி ஹாக்கில் வில்பரும் ஓர்விலும் செய்த சோதனை இதுவே. ஆனால் சுழலும் விசிறி கத்தியைப் போல் விரலை அறுத்துவிடும். ஆகவே ஆசிரியரோ பெற்றோரோ அருகில் இல்லாமல் இதனைச் செய்யவே கூடாது.

1969ஆம் ஆண்டில் மனிதன் முதன்முதலாகச் சந்திரனில் கால்வைத்தபோது, ரைட் சகோதரர்களின் முதல் விமானத்து விசிறியிலிருந்து எடுத்த ஒரு சிறு மரத்துண்டையும், இறக்கைத் துணியின் ஒரு துண்டையும் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் உடன் கொண்டு சென்றார். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், இன்ஜெனுவிட்டி என்னும் 1.8 கிலோகிராம் எடையுள்ள சிறு ஹெலிகாப்டர் செவ்வாய்க் கோளில் எழும்பிப் பறந்தது. அங்குள்ள காற்றின் அடர்த்தி நம் பூமிக் காற்றில் நூற்றில் ஒரு பங்கே. ஆகவே அதன் மின்மோட்டார்களும் 1.2 மீட்டர் நீள விசிறிகளும் அக்காற்றுக்கென்றே கணக்கிட்டு அமைக்கப்பட்டன. நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கு மேல் சுழன்ற அவ்விசிறிகளும் எதிரெதிராகவே சுழன்றன. 2024ஆம் ஆண்டு ஜனவரி வரை 72 முறை பறந்த அச்சிறு பொறியிலும் ரைட் சகோதரர்களின் விமானத் துணியில் ஒரு சிறு துண்டு வைக்கப்பட்டிருந்தது. தந்தை கொண்டுவந்த மூங்கில் பொம்மையின் வழித்தோன்றல் செவ்வாயையே எட்டிவிட்டது!

பல்கலைக்கழகம் செல்ல இயலாமையால் வில்பர் வாழ்வு வீணாகிவிடவில்லை. நோயுற்ற தாயின் படுக்கையருகே அமர்ந்து அவர் படித்த நூல்களும், சைக்கிள் கடையில் அவர் கற்ற கைத்தொழிலும், பிழை கண்டபோது மீண்டும் அளந்த பொறுமையுமே அவரை உயர்த்தின. நம்மிடம் இருப்பது சிறிய ஆற்றலே என்று நீங்கள் ஒருபோதும் மனம் தளர வேண்டா. பன்னிரண்டு குதிரைச் சக்தி வென்ற இடத்தில் ஐம்பத்திரண்டு குதிரைச் சக்தி வெல்லவில்லை. உங்கள் ஆற்றலை அறிந்து, அதற்கேற்ற வழியைக் கணக்கிட்டு, அளந்து, உழைத்து முன்னேறுங்கள். வானம் உங்களுக்கும் வழிவிடும்.